ஒன்று விழுந்தால் இன்னொன்று: மார்த்தாண்டத்தில் சில நாட்கள்

மஸ்கட்டுக்குப் போக வேண்டியவன் நான். பாஸ்போர்ட் வந்து, அம்மா அரூர் சந்தையில் சக்கரம் வைத்த பெட்டி வாங்கி, பையன் விமானத்தில் போகிறான் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லி முடித்த பிறகு, பெங்களூர் அலுவலகத்தில் மேலாளர் கூப்பிட்டார். "அங்க வேற ஒருத்தர் போறார். உனக்கு மார்த்தாண்டம்" என்றார். ஏதோ பதவி உயர்வு கொடுக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். பெட்டியை என்ன செய்வது? அதையே இழுத்துக்கொண்டு நாகர்கோவில் ரயிலில் ஏறினேன்.

வேலை இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மருத்துவமனைக் குழுமம். மார்த்தாண்டத்தில் பெரியது, கோட்டாறில் ஒன்று, குலசேகரத்தில் ஒரு சின்ன கிளினிக். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆம்புலன்ஸ் எண். அந்த அழைப்புகளைப் பிடித்து மேசைக்கு அனுப்புகிற எக்ஸ்சேஞ்ச் பெட்டி கிழடாகிவிட்டது. இப்போதெல்லாம் இதற்குத் தனிப் பெட்டி கிடையாது. எக்ஸ்சேஞ்ச், ரவுட்டர், பாதுகாப்புச் சுவர் எல்லாம் மென்பொருளாகி, ஒரே சர்வருக்குள் வாடகைக்குக் குடியிருக்கின்றன. மெய்நிகர் என்று எழுதுவோம். வசதிதான். ஆனால் வீடு இடிந்தால் குடித்தனக்காரர்கள் அத்தனை பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். அதனால் இரண்டு சர்வர், இரண்டு ஊர். மார்த்தாண்டத்தில் ஒன்று வேலை செய்யும், கோட்டாறில் ஒன்று தயாராக நிற்கும். ஒன்று விழுந்தால் இன்னொன்று அந்த நொடியே எடுத்துக்கொள்ள வேண்டும். பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியக்கூடக் கூடாது. பழையதிலிருந்து புதியதற்கு மாறும்போதும் அந்த எண் செத்துப்போகக் கூடாது.

"கட் ஆனா மறுபடி கூப்பிட்டுக்கப் போறாங்க" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அவர் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள். எங்கள் வீட்டில் எழுத்தும் எண்ணும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அம்மாவின் போனில் ஒரே ஒரு பொத்தானுக்குச் சிவப்பு நகப்பாலிஷ் தடவி வைத்திருக்கிறேன். அழுத்தினால் எனக்கு வரும். ஒரு முறை அழுத்திச் சத்தம் வராவிட்டால் போன் கெட்டுவிட்டது என்று பரணில் வைத்துவிடுவார். மறுபடி கூப்பிடாத ஆட்களுக்காகத்தான் இந்த வேலை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

மார்த்தாண்டம் ஒரு ஊரா, ஒரு ஹாரனா என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை. மேம்பாலத்துக்கு மேலேயும் நெரிசல், கீழேயும் நெரிசல். எங்கள் பக்கம் ஆட்டுக்கு வழிவிட்டு நிற்பார்கள். இங்கே பேருந்துக்கே பேருந்து வழிவிடுவதில்லை. வியர்வையில் நனைந்த சட்டையோடு மருத்துவமனையின் சர்வர் அறைக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் இரண்டு சர்வர்களும் ஒன்றின்மேல் ஒன்றாக, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அலமாரியில் உட்கார்ந்திருந்தன.

"இன்னொன்னு கோட்டாறுல இருக்கணுமே?" என்றேன்.

அங்கே தொழில்நுட்பம் பார்ப்பவன் ஜெபின். என் வயதுதான். வெள்ளந்தியாகச் சிரித்தான். "இருக்கணும் சாரே. ஆனா அங்க ரூமு நனையும். ரெண்டும் ஒண்ணா இருந்தா பாக்கியதுக்கு எளுப்பம்லா."

எளுப்பம் என்றால் சுலபம். மலையாளம் பக்கத்து வீடு, சொற்கள் வேலி தாண்டி வந்துவிடுகின்றன. பேச்சே ஒரு ராகமாக ஏறி இறங்குவதால், திட்டினாலும் பாட்டு மாதிரித்தான் கேட்கிறது.

"சரிங்க. ரெண்டும் ஏன் ஒரே யூபிஎஸ்ல மாட்டியிருக்கு? இன்னொரு யூபிஎஸ் எங்க?"

"அது கன்வென்ஷனுக்குப் போயிருக்கு."

"எங்க?"

"சபையில கன்வென்ஷன் நடக்குல்லா. பிரசங்கம் பாதியில நிக்கும்போ கரண்டு போனா மைக் செட்டு என்ன ஆவும்? சனிக்கிழம கொண்டு வந்திருவாவ. வருசா வருசம் குடுக்கியதுதான்."

அதாவது, இந்த மாவட்டத்தில் மின்சாரம் போகக் கூடாத இடங்களின் வரிசையில் மைக் செட் முதலில் வருகிறது. மடிக்கணினியை இணைத்துச் சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். வேலை செய்ய வேண்டிய புதிய எக்ஸ்சேஞ்சும், அது விழுந்தால் எடுத்துக்கொள்ள வேண்டிய துணை எக்ஸ்சேஞ்சும் மேலே இருந்த ஒரே சர்வருக்குள் குடியிருந்தன. கீழே உள்ளது காலியாக ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ கீழே உள்ளதைப் புதுப்பிக்கத் துணையை மேலே நகர்த்தியிருக்கிறார்கள். திருப்பி அனுப்ப மறந்துவிட்டார்கள். நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் தங்கவே கூடாது என்று ஒரு விதி எழுதி வைத்திருந்தால் அவையே பிரிந்து போயிருக்கும். யாரும் எழுதவில்லை. நான் எழுதினேன். எழுதும்போது பற்கள் நறநறத்தன.

மதியம் கேன்டீனில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். கேழ்வரகுக் களியில் வளர்ந்தவனுக்கு மரவள்ளி புதிதல்ல. எங்கள் பக்கம் அது ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகும். இங்கே அவித்து, தேங்காய் தட்டிப் போட்டு, சிவப்பாக எரிகிற மீன்கறியை அதன் தலையில் ஊற்றிவிடுகிறார்கள். குடிக்க, ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு வெந்நீர். கண்ணில் தண்ணீரோடு இரண்டாவது தட்டு வாங்கினேன். அந்த ஊரில் நான் குறை சொல்லாத முதல் விஷயம் அது.

மறுநாள் சர்வரைக் கோட்டாறுக்குக் கொண்டுபோக வண்டி கேட்டேன். வந்தது ஒரு சுமை ஆட்டோ. பின்னால் ஏத்தன் வாழைக்குலைகள். நடுவில் என் சர்வர், ஒரு பழைய மெத்தையில் சுற்றப்பட்டு நோயாளி மாதிரிப் படுத்திருந்தது. "குலை மெத்துனு இருக்கும், சாமானத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் ஓட்டுநர். முன் இருக்கையில் என்னைத் திணித்துக்கொண்டு, எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். மஸ்கட் கைவிட்டுப் போன கதையைச் சொன்னேன்.

"நான் அங்க பாதி ஆயுசு கழிச்சவனாக்கும்" என்றார். "என்ன இருக்கு அங்க? வெயிலு. சாயங்காலமும் வெயிலு. அதுக்கா மூஞ்சிய இப்பிடித் தூக்கி வச்சிருக்கியரு?"

தக்கலை நெருங்கியபோது மழை. வண்டியை ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார். ஏத்தம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்து, சூடாகத் தாளில் வைத்துக் கொடுத்தார்கள். தின்றபடியே அண்ணாந்து பார்த்தேன். மார்த்தாண்டத்திலிருந்து கோட்டாறுக்கு இரண்டு ஃபைபர் கம்பிகள் வருகின்றன. ஒன்று நெடுஞ்சாலை வழி, இன்னொன்று குலசேகரம் சுற்றி. வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. இரண்டும் டீக்கடைக் கம்பத்தில் ஒன்று சேர்ந்து, ஒரே வளையமாகச் சுருட்டிக் கட்டப்பட்டு, அங்கிருந்து கைகோத்துக்கொண்டு கிழக்கே போயின. ஒரு லாரி அந்தக் கம்பத்தில் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும். மருத்துவமனை மேலாளரைப் போனில் பிடித்தேன்.

"ரெண்டு கம்பெனி, ரெண்டு கலரு. பெறவு என்ன?" என்றார்.

கம்பி அறுந்தாலும் செல்போன் சிக்னலில் பேசிக்கொள்ளட்டும் என்று கோட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் சிம் போட்ட ரவுட்டர் ஒவ்வொன்று வாங்கச் சொல்லிவிட்டுப் பழத்தைத் தின்று முடித்தேன். கோட்டாறுச் சந்துகளில் வெங்காய மூட்டைகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே அந்தச் சர்வரை நானும் ஓட்டுநரும் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒரு கடைக்காரர், "யாருக்கு என்ன?" என்று பதறி எழுந்து வழிவிட்டார். மெத்தைதான் காரணம். நனையும் அறையை விட்டுவிட்டு, மாடியில் மருந்துக் கிடங்கின் மூலையில் அதைக் குடியேற்றினேன். கோட்டாறைப் பார்த்துக்கொள்பவன் சுபின். நல்ல பையன். சொன்னதற்கெல்லாம் "செரி சாரே" என்றான்.

அடுத்த நாள் குலசேகரம். பேருந்து ஏற ஏற ரப்பர் மரங்கள் இருபுறமும் வரிசை பிடித்து நின்றன. எங்கள் பக்கத்து வெயிலில் இந்த நிழலை விற்றால் பணக்காரனாகிவிடலாம். குலசேகரத்தில் வேலை சின்னது, முக்கியமானது. மார்த்தாண்டமும் கோட்டாறும் ஒன்றையொன்று "இருக்கியா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் கம்பி அறுந்தால் இரண்டும் அடுத்தவன் செத்தான் என்று முடிவுகட்டி, நான்தான் எக்ஸ்சேஞ்ச் என்று கிளம்பிவிடும். ஒரே பேருந்தில் இரண்டு கண்டக்டர்கள் விசில் ஊதுகிற கதை. அதற்காகத்தான் மூன்றாவது ஊரில் ஒரு சாட்சிப் பெட்டி. யாருக்கு அது தலையாட்டுகிறதோ அவர்தான் கண்டக்டர்.

கிளினிக்கின் எலெக்ட்ரீஷியன் பால்துரை, நெற்றியில் நெடுக வெள்ளை நாமம் இட்ட அய்யாவழிக்காரர், நான் பெட்டியை ஆணியடித்து மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன செய்யும்?" என்றார். சொன்னேன். "சும்மா இருந்து பாத்துக்கிட்டிருக்கணும், சண்ட வந்தா மட்டும் வாயத் தொறக்கணும். நம்ம பஞ்சாயத்துத் தலைவரு வேல" என்றார்.

மாறும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நள்ளிரவு தாண்டி விடிவதற்குள் செய், அப்போதுதான் யாருக்கும் தொந்தரவில்லை என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். மார்த்தாண்டம் திரும்பி அழைப்புப் பதிவுகளை வரைபடமாக்கிப் பார்த்தால் விடியலுக்கு முன்தான் பெரிய திமில். ஆம்புலன்ஸ் மேசையில் இருக்கும் சுஜா அக்காவிடம் காட்டினேன்.

"தம்பி, ரப்பர் வெட்டுகவன் எப்ப போவான்? தலையில லைட்டக் கெட்டிக்கிட்டு இருட்டுல போனாத்தான் பாலு வரும். இருட்டுல பாம்பும் இருக்கும். நீங்க வந்து நிக்கீங்கன்னு அது ஒதுங்கிப் போவுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

வரைபடத்தில் ஒரு பள்ளம் மட்டும் ஆழமாக இருந்தது. ஞாயிறு காலை. கடைகள் மூடியிருக்கும், தெரு காலி, ஊரில் பெரும்பாதி சர்ச் ஆராதனையில். அதுதான் நேரம் என்றேன். ஜெபின் தலையாட்டினான். சுபின் போனில் "செரி சாரே" என்றான். திட்டம்: ஜெபின் மார்த்தாண்டத்தில் என்னோடு, சுபின் கோட்டாறு சர்வருக்குப் பக்கத்தில். ஏதாவது சிக்கினால் கையால் தட்டி எழுப்ப அங்கே ஒரு மனிதன் வேண்டும்.

சனிக்கிழமை கன்வென்ஷனிலிருந்து யூபிஎஸ் வந்தது. மேலே ஒரு துண்டுச் சாமந்தி மாலை ஒட்டியிருந்தது. பழைய யூபிஎஸ் சுமை தாங்காமல் கத்திக்கொண்டிருந்ததால், அதில் சுஜா அக்காவின் போனையும் நெட்வொர்க் சுவிட்சையும் மட்டும் விட்டுவிட்டு, சர்வரை வந்ததில் மாட்டினோம். கிளம்பும்போது ஜெபின் முகமெல்லாம் மலர்ந்து சொன்னான்: "நாளைக்கு மகளுக்கு ஞானஸ்நானம். நீங்களும் கண்டிப்பா வரணும் சாரே."

"நாளைக்கா? எத்தனை மணிக்கு?"

"ஆராதனையிலதான்."

"ஆராதனை நேரத்துலதானே நாம மாத்தறோம்!"

"அதான் சாரே, அப்பம் ஒருத்தரும் விளிக்க மாட்டாவல்லா. சுபின் பாத்துக்கிடுவான்."

சுபினைக் கூப்பிட்டேன். தயக்கமாக இழுத்தான். "ஜெபின் அத்தான் இருப்பாருன்னு நெனச்சேன் சாரே. நான் பிள்ளைக்கு மாமன்லா? நான்தானே தூக்கிக் குடுக்கணும்."

ஜெபின் கட்டியிருப்பது சுபினின் அக்காளை. இரண்டு ஊர், இரண்டு சர்வர், இரண்டு ஆட்கள், ஒரே குடும்பம். ஒரு விசேஷம் வந்தால் இருவரும் சேர்ந்து காலி. ஊர் அமைதியாக இருக்கும் நேரம் என்று நான் கண்டுபிடித்தது, என் ஆட்களும் அந்த ஊரோடு சேர்ந்து கோயிலில், அதாவது சர்ச்சில், இருக்கும் நேரம். சர்வர்களுக்கு விதி எழுதிய நான் மனிதர்களுக்கு எழுதவில்லை.

"உங்களுக்கு வேற நாளே கெடைக்கலையா?" என்று கத்திவிட்டேன்.

"பிள்ள பொறந்தப்பவே குறிச்ச நாளாக்கும்" என்றான் ஜெபின். அவன் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. சுஜா அக்கா ஹெட்போனைக் கழற்றினார். "தம்பி, பிள்ளைக்க காரியத்துல கை வைக்காதீங்க. கோயிலுக்குப் போவாத ஆளப் பாருங்க."

குலசேகரத்துக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழம எப்பிடியும் சாமித்தோப்புக்குப் போறவன்தான்" என்றார் பால்துரை. "வழியில கோட்டாறுல எறங்குதேன். உச்சிப்படிப்புக்கு முன்ன விட்டிருவியளா?" சாமித்தோப்பு அய்யாவழிக்காரர்களின் தலைமைத் தலம், உச்சிப்படிப்பு அவர்களுடைய நடுப்பகல் வழிபாடு. விட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை தெரு சொன்னபடியே காலி. தூரத்தில் கோயில் மணி. நானும் சுஜா அக்காவும் மட்டும் மேசையில். பழைய பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த பேச்சுகள் தாமாக முடியும்வரை அப்படியே விட்டு, புதிய அழைப்புகளை மட்டும் புதிய எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பினேன். ஒன்று வந்தது, போனது. இன்னொன்று. பழையது காலியாகி ஓய்ந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அடுத்த வேலை, அழைப்பே இல்லாத இடைவெளி பார்த்து மார்த்தாண்டத்துச் சர்வரை நானே நிறுத்தி, கோட்டாறு எடுக்கிறதா என்று சோதிப்பது. பக்கத்துச் சர்வர் அறைக்குள் போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

இடைவெளி வரவில்லை, அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். "தெங்குல இருந்து வீந்துட்டாவ... எனக்க மாப்பிளை..."

"அழாத மக்கா. எந்த எடம்?" என்று சுஜா அக்கா கேட்கும்போது விளக்கு அணைந்தது.

எங்கோ ஒரு தென்னை மட்டை மின்கம்பியில் விழுந்திருக்கும். ஜெனரேட்டர் மூச்சு வாங்கிக் கிளம்பச் சற்று நேரமாகும், அதற்குத்தான் யூபிஎஸ். அந்த யூபிஎஸ் ஒரே ஒரு முறை கீச்சென்று கத்தியது. சர்வரின் விளக்குகள் அத்தனையும் இறங்கின. கன்வென்ஷன் முழுக்க உழைத்த பேட்டரி, சார்ஜ் ஏற ஒரு ராத்திரி போதாமல், கையை விரித்துவிட்டது. சோதித்துப் பார்க்காமல் மாட்டியது நான். சாமந்திப்பூவைப் பார்த்துக்கொண்டு மரமாக நின்றேன்.

லைன் போயிருக்குமா? அந்தப் பெண்ணுக்கு மறுபடி அழுத்தத் தெரியுமா?

"ஹலோ?" என்றார் சுஜா அக்கா. பதில் இல்லை. "ஹலோ, மக்கா?"

கோட்டாறு கேட்டிருக்கும், இருக்கியா? பதில் போயிருக்காது. குலசேகரத்துச் சாட்சி தலையாட்டியிருக்க வேண்டும். அறைக்குள் இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு சுஜா அக்காவின் குரல் கேட்டது.

"பொன்மனையா? சர்ச்சுக்கு அங்கோட்டா இங்கோட்டா? செரி, அவர அசைக்காத. தூக்கி இருத்தாத, கேட்டியா? வண்டி விட்டாச்சு. நீ வைக்காத, பேசிக்கிட்டே இரு."

கோட்டாறு எடுத்துக்கொண்டுவிட்டது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பால்துரை.

"இங்க மஞ்ச லைட்டு பச்சையாச்சு. நீரு ஒண்ணும் சொல்லல்லியே? நான் தொடவும் இல்ல கேட்டியரா."

"தொடாதீங்க அண்ணே. எதையும் தொடாதீங்க."

ஜெனரேட்டர் உறுமி, மின்விசிறி சுற்றியது. சுஜா அக்கா அழைப்பை முடித்தபோது வண்டி பொன்மனையில் நின்றது. அவர் என் பக்கம் திரும்பி, "நடுவுல அந்தப் பிள்ள கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுது. பாவம், பயந்துட்டா. நீங்க எப்ப மாத்தப் போறிய?" என்றார்.

"மாத்தியாச்சு அக்கா."

"ஓ. அவ்வளவுதானா?" என்று ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். இத்தனை நாள் அலைந்ததற்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

பால்துரை உச்சிப்படிப்புக்கு நேரத்தோடு கிளம்பிவிட்டார். நான் கன்வென்ஷன் யூபிஎஸ்ஸைக் கழற்றி ஓரமாக வைத்து, அதன்மேல் "யாருக்கும் கொடுக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். ஜெபின் பட்டு வேட்டியும் குழந்தையுமாக வந்தான், பின்னால் சுபின். மருத்துவமனை மேலாளரும் வந்தார். விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருவராக வெளியே போய்த் தங்கள் போனிலிருந்து ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்து, ஓடுகிறதா என்று பார்த்தார்கள். சுமை ஆட்டோக்காரர்கூட எங்கிருந்தோ அழைத்தார். சுஜா அக்கா ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலை, நேரம் போகப் போகச் சூடேறிய குரலில் சொன்னார். பொன்மனைக்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்று மாடியிலிருந்து செய்தி வந்தது.

சாயங்காலம் ரயில் ஏறினேன். அம்மாவின் சிவப்புப் பொத்தான் அழைப்பு வந்தது. "வெளிநாடு எப்படிடா இருக்கு?" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கேட்டார். மீன் நல்லா இருக்கு என்றேன். வள்ளியூர் தாண்டியது. மார்த்தாண்டத்துச் சர்வர் கோட்டாறிடமிருந்து பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் குறித்து வைத்த நேரம். வாங்கிக்கொண்டதா? கை சும்மா இருக்கவில்லை. எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"ஆம்புலன்ஸ், சொல்லுங்க."

"அக்கா, நான்தான். லைன் சரியா..."

"தம்பி! காலையில இருந்து இந்த லைனுக்கு உள்ள ஒரே தொந்தரவு நீங்களாக்கும். வையுங்க போன!"

நான் வைப்பதற்குள் அவரே வைத்துவிட்டார். அன்றைக்கு அந்த எண்ணில் பாதியில் துண்டிக்கப்பட்ட அழைப்பு அது ஒன்றுதான்.